பூட்டு இருந்தால் பாதுகாப்பா? இலவச எஸ்.எஸ்.எல் சான்றிதழ் உள்ள இணையதளங்களை நம்பலாமா?

ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன்பு முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை இது. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "பூட்டு மட்டும் போதாது, அந்த சான்றிதழ் காசு கொடுத்து வாங்கினதா, இல்ல ஃப்ரீயா கிடைச்சதான்னு பாருங்க. ஃப்ரீன்னா கார்டு நம்பர் போடாதீங்க."

முதல் அறிவுரைக்கு வயதாகிவிட்டது. இரண்டாவது அறிவுரையோ, பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ நம்மைப் பார்க்க வைக்கிறது. அந்த நேரத்தில்தான் பணம் போகிறது. இது எப்படி என்று புரிந்துகொள்ள, 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தில் நடந்த திருட்டைப் பார்த்தால் போதும்.

காசு கொடுத்து சான்றிதழ் வாங்கிய திருடர்கள்

2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸின் இணையதளத்திலும் மொபைல் ஆப்பிலும் டிக்கெட் எடுத்தவர்களின் கார்டு விவரங்கள் திருடப்பட்டன. யாரும் போலி தளத்துக்குப் போய் ஏமாறவில்லை. அவர்கள் போனது உண்மையான தளத்துக்குத்தான். பூட்டு இருந்தது. முகவரி சரியாக இருந்தது. சான்றிதழும் செல்லுபடியாகும் சான்றிதழ்தான்.

அப்புறம் எப்படி நடந்தது?

அந்தத் தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள், வெறும் 22 வரி கொண்ட ஒரு நிரலை ஹேக்கர்கள் சொருகிவிட்டார்கள். பயணி எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டு பணம் செலுத்தும் பட்டனை அழுத்தியதும், அந்தத் தகவலின் ஒரு பிரதி இன்னொரு சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. டிக்கெட்டும் ஒழுங்காக புக் ஆனது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

திருட்டுத் தகவல் போய்ச் சேர்ந்த சர்வரின் பெயர் 'பிஏவேஸ் டாட் காம்'. பார்த்தால் விமான நிறுவனத்தின் பெயர் மாதிரியே இருக்கும். இந்தச் சம்பவத்தை ஆராய்ந்த ரிஸ்க்ஐக்யூ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சுவாரஸ்யமான விஷயத்தைக் கவனித்தது. இந்தத் திருட்டு சர்வருக்கு ஹேக்கர்கள் இலவச சான்றிதழ் போடவில்லை. கொமோடோ நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய சான்றிதழைப் போட்டிருந்தார்கள். பார்ப்பவர்களுக்கு அசல் சர்வர் என்று தோன்றட்டும் என்பதற்காக இருக்கலாம் என்பது அந்த நிறுவனத்தின் கணிப்பு. சான்றிதழ் வழங்கப்பட்ட தேதி ஆகஸ்ட் 15. அதாவது திருட்டு தொடங்குவதற்கு ஆறு நாட்களுக்கு முன்பே எல்லாம் தயார்.

4 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களின் தகவல் கசிந்த இந்த விவகாரத்தில், 2020 அக்டோபரில் பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது.

'ஃப்ரீ சான்றிதழ்னா மோசடி, காசு கொடுத்ததுன்னா பாதுகாப்பு' என்ற கணக்கை வைத்துப் பார்த்திருந்தால், இந்தத் திருட்டு சர்வர் நல்ல பெயரோடு தேறியிருக்கும்.

சான்றிதழ் உண்மையில் என்ன சொல்கிறது?

பதிவுத் தபாலை எடுத்துக்கொள்வோம். கவரை ஒட்டி சீல் வைத்து அனுப்புகிறீர்கள். நடுவில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. கவரில் எழுதிய முகவரியில்தான் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் அந்த வீட்டில் இருப்பவர் யோக்கியரா, அயோக்கியரா? அது தபால்காரரின் வேலை இல்லை.

எஸ்.எஸ்.எல் சான்றிதழும் அப்படித்தான். (இப்போது பயன்பாட்டில் இருக்கும் தொழில்நுட்பத்தின் பெயர் டி.எல்.எஸ். ஆனாலும் பழைய பெயர்தான் எல்லோர் வாயிலும் நிற்கிறது.) உங்கள் போனுக்கும் அந்த சர்வருக்கும் நடுவில் போகிற தகவலை வைஃபை வைத்திருக்கும் டீக்கடைக்காரரோ, இணைய சேவை நிறுவனமோ படிக்க முடியாது. நீங்கள் பேசிக்கொண்டிருப்பது முகவரிப் பட்டையில் உள்ள அந்தப் பெயருக்கு உரிய சர்வரோடுதான். இந்த இரண்டுக்கு மட்டும்தான் சான்றிதழ் உத்தரவாதம் தருகிறது.

'காசு கொடுத்தா பூட்டு இன்னும் கெட்டியா இருக்குமே' என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. தகவலை எந்த முறையில், எவ்வளவு வலுவாகப் பூட்டுவது என்பதை உங்கள் பிரவுசரும் அந்த சர்வரும் பேசி முடிவு செய்கின்றன. சான்றிதழின் விலைக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. ஒரே சர்வரில் இலவச சான்றிதழை எடுத்துவிட்டு பல ஆயிரம் ரூபாய் சான்றிதழைப் போட்டாலும், குறியாக்கத்தின் வலிமை அப்படியேதான் இருக்கும்.

இலவசமாகக் கொடுப்பது யார்?

இலவச சான்றிதழ் என்றாலே முதலில் வரும் பெயர் லெட்ஸ் என்க்ரிப்ட். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதை நடத்துகிறது. மொசில்லா, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. 2014 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2015 செப்டம்பரில் முதல் சான்றிதழ் வழங்கப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 100 கோடி சான்றிதழ்கள் கொடுத்து முடித்துவிட்டார்கள். நன்கொடையிலும் நிறுவனங்களின் ஆதரவிலும் ஓடுகிறது.

இவர்கள் சான்றிதழ் தரும் முறை எளிது. மனிதர் யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. 'இந்த டொமைன் உன்னுடையதுதானா? அப்படின்னா நான் சொல்ற இந்த ரகசியக் குறியீட்டை உன் தளத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வை' என்று அவர்களின் கணினி கேட்கும். உங்கள் சர்வர் வைக்கும். அவர்கள் வந்து பார்த்துவிட்டு சான்றிதழ் தருவார்கள். நடுவில் யாராவது இணையப் பாதையைத் திருப்பிவிட்டு ஏமாற்றக்கூடாது என்பதற்காக, 2020 முதல் ஒரே இடத்திலிருந்து பார்க்காமல் வெவ்வேறு நெட்வொர்க்குகளில் இருந்தும் பார்க்கிறார்கள். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

சரி, 'சும்மா குடுக்கறவன் நம்ம டேட்டாவ எடுத்துக்குவானோ?' என்ற பயம் நியாயமானதுதான். ஃப்ரீ ஆப்களிடம் நாம் பட்ட அனுபவம் அப்படி. ஆனால் இங்கே அதற்கு வழியில்லை. தகவல் பரிமாற்றத்துக்கு அடிப்படையான ரகசிய சாவி, தளத்தின் சொந்த சர்வரிலேயே உருவாகி அங்கேயே இருக்கும். சான்றிதழ் தரும் நிறுவனத்துக்குப் போவது எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுச் சாவி மட்டும்தான். சான்றிதழைக் கொடுத்த பிறகு, அந்தத் தளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நடக்கும் பேச்சில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். காசு வாங்கும் நிறுவனங்களும் இப்படித்தான்.

அப்படியானால் காசு எதற்கு?

சான்றிதழில் மூன்று வகை உண்டு. முதல் வகை, டொமைன் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் சரிபார்ப்பது. இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் இந்த வகைதான். இரண்டாவது வகையில், கேட்கும் நிறுவனம் உண்மையிலேயே பதிவானதுதானா என்று ஆவணங்களைப் பார்ப்பார்கள். மூன்றாவது வகையில் இன்னும் கூடுதல் சோதனை. இந்த மூன்றாவது வகையை வாங்கினால், ஒரு காலத்தில் பிரவுசரில் நிறுவனத்தின் பெயரே பச்சை நிறத்தில் பெரிதாகத் தெரியும். வங்கிகள் பலவும் இதற்காகவே வாங்கின.

இதில் ஒரு ஓட்டை இருப்பதை 2017-ல் இயன் கேரல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார். ஸ்ட்ரைப் என்பது அமெரிக்காவின் பெரிய பணப் பரிமாற்ற நிறுவனம். அதே பெயரில் கென்டக்கி மாகாணத்தில் அவர் சட்டப்படி ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். அதைக் காட்டி மூன்றாவது வகை சான்றிதழையும் வாங்கினார். பிரவுசரில் 'ஸ்ட்ரைப்' என்று பச்சையில் பளிச்சென்று தெரிந்தது. எந்த ஆவணமும் போலி இல்லை. மொத்தச் செலவு 200 டாலருக்கும் குறைவு.

ஒரே பெயரில் எத்தனை ஊரில் எத்தனை நிறுவனம் இருக்கலாம் என்பது நம் ஊர் ஜவுளிக்கடை, ஸ்வீட் கடை பெயர்ப் பலகைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பச்சைப் பெயரை மக்கள் கவனிப்பதே இல்லை என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தது. 2019 செப்டம்பரில் குரோமும், அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸும் அதை முகவரிப் பட்டையிலிருந்து தூக்கிவிட்டன. இன்றைக்கு விலை உயர்ந்த சான்றிதழ் போட்டிருக்கும் தளமும், இலவச சான்றிதழ் போட்டிருக்கும் தளமும் உங்கள் போனில் ஒரே மாதிரிதான் தெரியும். கூகுளின் தேடல் தளத்தில் இருப்பதே டொமைனை மட்டும் சரிபார்க்கும் முதல் வகை சான்றிதழ்தான்.

நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம், தணிக்கை, வாடிக்கையாளர் சேவை போன்ற காரணங்களுக்காகக் காசு கொடுத்து வாங்குவதில் தவறில்லை. பணம் கட்டும் நமக்கு அதனால் கிடைப்பது மிகக் குறைவு என்பதுதான் விஷயம்.

பூட்டுப் போட்ட மோசடித் தளங்கள்

இலவச சான்றிதழ் மீதான புகாரில் உண்மையே இல்லையா? இருக்கிறது. 2016 ஜனவரி தொடங்கி 2017 மார்ச் தொடக்கம் வரை, பெயரில் 'பேபால்' என்ற சொல் இருந்த டொமைன்களுக்கு மட்டும் லெட்ஸ் என்க்ரிப்ட் 15,270 சான்றிதழ்கள் கொடுத்திருந்தது. அதில் பெரும்பாலானவை மோசடிக்காக எடுக்கப்பட்டவை என்று தி எஸ்.எஸ்.எல் ஸ்டோர் என்ற நிறுவனம் கணக்கிட்டது. (கட்டண சான்றிதழ் விற்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை பொதுப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அதில் சந்தேகம் இல்லை.)

'சான்றிதழ் தருபவர்கள் தளத்தின் உள்ளடக்கத்துக்கு போலீஸ் வேலை பார்க்க முடியாது' என்பது லெட்ஸ் என்க்ரிப்ட் ஆரம்பத்திலிருந்தே எடுத்த நிலைப்பாடு. மோசடித் தளத்தைத் தடுக்க வேண்டிய இடம் பிரவுசரும் தேடல் இயந்திரமும் என்கிறார்கள். இதில் வாதம் இருக்கலாம். ஆனால் சில விநாடிகளில், மனிதர் தலையீடு இல்லாமல் தரும் முறையில் அயோக்கியர்களும் நுழைவார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். பதிலுக்குக் கிடைத்தது என்ன என்றால், காசு இல்லாததால் குறியாக்கமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற சிறிய தளங்கள் பாதுகாப்பான இணைப்புக்கு வந்தன. பள்ளிக்கூடம், சின்ன மருத்துவமனை, உள்ளூர் கடை என்று நாம் பாஸ்வேர்டு போடும் இடங்கள் எல்லாம் இதில் அடக்கம்.

பூட்டைப் பார்த்து நம்பாதீர்கள் என்று 2019 ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ வெளிப்படையாகவே எச்சரித்தது. பூட்டுச் சின்னத்தின் சரியான அர்த்தம் தெரிந்தவர்கள், 2021-ல் கூகுள் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேர் மட்டுமே. மற்றவர்களில் பலர் 'இந்த சைட் நல்ல சைட்' என்று புரிந்துகொண்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-வது பதிப்பில் கணினி, ஆண்ட்ராய்டு இரண்டிலும் பூட்டு போய், இரண்டு கோடும் இரண்டு வட்டமும் கொண்ட ஒரு செட்டிங்ஸ் சின்னம் வந்துவிட்டது. 'என்னடா இது, பூட்டைக் காணோமே' என்று பயப்பட வேண்டாம். உங்கள் போனில் எந்தக் கோளாறும் இல்லை.

காசு வாங்கிய நிறுவனங்களின் கதை

சான்றிதழ் நிறுவனம் சறுக்கினால் ஆபத்து பெரிது. வேறொருவரின் டொமைன் பெயருக்குத் திருடன் கையில் சான்றிதழ் போய்விடும். இந்த விஷயத்தில் கட்டண நிறுவனங்களின் வரலாறு ஒன்றும் சுத்தமாக இல்லை.

2011-ல் நெதர்லாந்தின் டிஜினோட்டார் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்து 500-க்கும் மேற்பட்ட போலி சான்றிதழ்களை எடுத்தார்கள். அதில் கூகுள் பெயரில் எடுக்கப்பட்டதைப் பயன்படுத்தி ஈரானில் பல லட்சம் பேரின் ஜிமெயில் தொடர்பு ஒட்டுக்கேட்கப்பட்டதாகத் தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று சைமன்டெக் சான்றிதழ்களை 2018-ல் குரோம் நிராகரித்தது. 2024-ல் அதே கதி என்ட்ரஸ்ட் நிறுவனத்துக்கு. இரண்டுமே காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பெரிய நிறுவனங்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 2014 ஜூலையில், தேசிய தகவல் மையமான என்.ஐ.சி-யின் சான்றிதழ் அமைப்பிலிருந்து கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதை கூகுள் கண்டுபிடித்தது. என்.ஐ.சி-யின் சான்றிதழ் வழங்கும் அமைப்பில் ஊடுருவல் நடந்துவிட்டதாக மேற்பார்வை செய்யும் இந்திய கட்டுப்பாட்டு அலுவலகம் தெரிவித்தது. அதன் பிறகு இந்திய அரசின் மூலச் சான்றிதழை, அரசு டொமைன் உள்ளிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் என்று குரோம் கட்டுப்படுத்தியது.

லெட்ஸ் என்க்ரிப்ட்டும் தவறு செய்திருக்கிறது. 2020 பிப்ரவரி 29 அன்று அவர்களின் சரிபார்க்கும் மென்பொருளில் ஒரு பிழை தெரியவந்தது. பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கும் மேல். உடனே வெளியில் அறிவித்தார்கள், முழுப் பட்டியலையும் வெளியிட்டார்கள். கெடுவுக்குள் சுமார் 17 லட்சத்தை ரத்து செய்தார்கள். மீதியையும் உடனே ரத்து செய்தால் ஏராளமான தளங்கள் முடங்கும் என்பதால் அதை நிறுத்தி வைத்தார்கள். ஒரு நிறுவனத்தை எடைபோடுவதற்கு விலையை விட, தப்பு நடந்த அன்றைக்கு அது என்ன செய்தது என்பது நல்ல அளவுகோல்.

சரி, ஒரு தளத்தை எப்படி எடைபோடுவது?

முதலில் முகவரி. இதைத்தான் நிறைய பேர் தவறாகப் படிக்கிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்தால் ஏமாந்துபோவோம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

நம் வீட்டு முகவரியை யோசித்துப் பாருங்கள். கதவு எண், தெரு என்று தொடங்கி ஊர் கடைசியில் வரும். வீட்டுக்கு 'தி.நகர் இல்லம்' என்று பெயர் வைத்துவிட்டு, முகவரி கடைசியில் 'திருநெல்வேலி' என்று முடிந்தால், அந்த வீடு திருநெல்வேலியில்தான் இருக்கிறது. டொமைனும் அதே மாதிரி. முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் கடைசியாக வரும் இரண்டு அல்லது மூன்று சொற்கள்தான் உண்மையான சொந்தக்காரரைச் சொல்லும். அதற்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். 'உங்கள் வங்கியின் பெயர் டாட் காம் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் எக்ஸ்ஒய்இசட்' என்று ஒரு முகவரி வந்தால், அது கேஒய்சி-அப்டேட் என்ற பெயரை வாங்கிய யாரோ ஒருவரின் தளம். வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போனில் நீளமான முகவரியின் முழுப் பகுதியும் தெரியாது என்பதால், பணம் கட்டும் பக்கத்தில் முகவரியை ஒருமுறை தொட்டு முழுசாகப் பாருங்கள்.

இங்கேதான் ரிசர்வ் வங்கி எடுத்த ஒரு முடிவு முக்கியமாகிறது. இந்திய வங்கிகள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி என்ற ரிசர்வ் வங்கி சார்ந்த நிறுவனம் மட்டும்தான் இந்தப் பெயரைப் பதிவு செய்து தர முடியும். வங்கி அல்லாதவர் போய்க் கேட்டால் கிடைக்காது. 'இவர் யார்' என்ற கேள்விக்கு விலை உயர்ந்த சான்றிதழ் தர முயன்று தோற்ற பதிலை, இந்த முகவரி தருகிறது. உதாரணமாக ஸ்டேட் வங்கி 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்'. கவனிக்க வேண்டியது, 'பேங்க்' என்பதற்கும் 'இன்' என்பதற்கும் நடுவில் இருப்பது புள்ளிதானா என்பதை. அங்கே சின்னக் கோடு இருந்தால் அது வேறு ஆள்.

அரசு டொமைனில் முடியும் முகவரியும் அரசுத் துறைக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆனால் அதன் பராமரிப்பு வேறு கதை. 2024-ல் பல மாநில அரசுத் துறைகளின் இணைப்புகள் ஆன்லைன் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது செய்தியானது. முகவரி அசல், சான்றிதழ் அசல், உள்ளே புகுந்தவன் மட்டும் வேறு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரியான இந்த வகைத் தாக்குதலை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வாடிக்கையாளரால் முடியாது. அதனால்தான் கார்டில் ஆன்லைன் உச்ச வரம்பைக் குறைத்து வைப்பதும், வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தேவை இல்லாதபோது அணைத்து வைப்பதும் சான்றிதழைப் பார்ப்பதை விட அதிகமாகக் கைகொடுக்கும்.

அறிமுகமில்லாத ஷாப்பிங் தளம் என்றால் டொமைன் எப்போது பதிவானது என்று பாருங்கள். 'ஹூ இஸ்' என்று தேடினால் இதற்கான இலவச சேவைகள் கிடைக்கும். சொந்தக்காரரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தேதி மறையாது. '25 வருட பாரம்பரியம்' என்று விளம்பரம் செய்யும் கடையின் டொமைன் போன மாதம்தான் பிறந்திருக்கிறது என்றால், கேள்வி கேட்க வேண்டிய நேரம்.

சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆர்வம் இருப்பவர்களுக்கு: குரோமில் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டு, இணைப்பு பாதுகாப்பானது என்ற வரிக்குள் போனால் சான்றிதழ் திறக்கும். யாருக்குக் கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தது, எப்போது முடியும் என்று இருக்கும். 'சி.ஆர்.டி டாட் எஸ்.எச்' என்ற தளத்தில் டொமைன் பெயரைப் போட்டால், இதுவரை அந்தப் பெயருக்கு வெளியான சான்றிதழ்களின் வரலாறே வரும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கப்படும் சான்றிதழ்கள் இப்படிப் பொதுப் பதிவேட்டில் ஏறாவிட்டால் குரோம் ஏற்காது. பேபால் எண்ணிக்கை வெளியே வந்ததும் இந்த மாதிரிப் பதிவேட்டால்தான்.

சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இலவச சான்றிதழ் போட்ட தளம் பலவீனமாக இருந்தால், காரணம் பெரும்பாலும் அதைப் போட்ட விதத்தில் இருக்கும். எஸ்.எஸ்.எல் லேப்ஸ் என்ற தளத்தில் உங்கள் டொமைனைப் போட்டால் சில நிமிடத்தில் ஏ-யிலிருந்து எஃப் வரை கிரேடு தரும். இலவச சான்றிதழ் வைத்தே ஏ பிளஸ் வாங்கலாம். பெரிய தொகை கொடுத்த சான்றிதழ் இருந்தும், சர்வரில் டி.எல்.எஸ் 1.0, 1.1 என்ற காலாவதியான பதிப்புகளை அணைக்காமல் விட்டிருந்தால் பி-க்கு மேல் ஏறாது.

பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை கிளவுட்ஃபிளேர் பயன்படுத்துபவர்களுக்கு இருக்கிறது. அதில் 'ஃபிளெக்ஸிபிள்' என்று ஒரு அமைப்பு உண்டு. அதைத் தேர்வு செய்தால் வாடிக்கையாளரின் போனிலிருந்து கிளவுட்ஃபிளேர் வரைக்கும்தான் குறியாக்கம். அங்கிருந்து உங்கள் சர்வர் வரை தகவல் திறந்த கவரில் போகும். பிரவுசரில் எல்லாம் பாதுகாப்பு என்றே காட்டும். உங்கள் சர்வரிலும் ஒரு சான்றிதழைப் போட்டுவிட்டு 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' என்ற அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். சர்வருக்கான சான்றிதழும் இலவசமாகவே கிடைக்கும்.

இன்னொரு பிரச்சினை காலாவதி. லெட்ஸ் என்க்ரிப்ட் தருவது வழக்கமாக 90 நாள் சான்றிதழ். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால் கவலையே இல்லை. அது நின்றுபோனால், ஒருநாள் காலையில் உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குச் சிவப்பு எச்சரிக்கைதான் தெரியும். முன்பெல்லாம் முடியப்போகிறது என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2025 ஜூன் 4-டன் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் தளத்தைச் செய்துகொடுத்தவரிடம் 'ஆட்டோ ரினியூவல் ஓடுதா, கடைசியா எப்ப புதுப்பிச்சது?' என்று இன்றைக்கே கேளுங்கள். இலவச சான்றிதழுக்கு வருடா வருடம் 'எஸ்.எஸ்.எல் சார்ஜ்' என்று பில்லில் தனித் தொகை இருந்தால், அது எதற்கு என்றும் கேட்டுவிடுங்கள். பராமரிப்புக் கூலி என்றால் நியாயம். சான்றிதழின் விலை என்றால் இல்லை.

காசு கொடுத்து வருடக் கணக்கில் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற காலமும் முடிகிறது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அதாவது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இனி கட்டண சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கும் கட்டாயம்.

பணத்தை ஏற்கெனவே இழந்துவிட்டீர்கள் என்றால், தளத்தின் சான்றிதழை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் முடக்க முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மோசடித் தளத்தின் முகவரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முழு முகவரியும் தெரிகிற மாதிரி.